காற்றாலை வருகிறது: ஊரின் கருத்தை எங்கே, எப்போது, எப்படிச் சொல்வது?

கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களில் ‘கருத்துக்கேட்புக் கூட்டம்’ என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது கல் குவாரிக்கு நடக்கும் கூட்டம்தான். முப்பது நாளுக்கு முன்பே பத்திரிகையில் அறிவிப்பு வரும். பந்தல் போட்டு, ஆட்சியரோ அவர் சார்பில் மாவட்ட வருவாய் அலுவலரோ உட்கார்ந்து, பேசுவதையெல்லாம் வீடியோ எடுப்பார்கள். காற்றாலைக்கும் அப்படி ஒரு நாள் குறிப்பார்கள், அன்றைக்குப் போய்ப் பேசிக்கொள்ளலாம் என்று காத்திருந்தால் அந்த நாள் வரவே வராது. நிலத்தில் நடும் காற்றாலைக்கு அப்படியொரு கூட்டம் சட்டப்படி கட்டாயமில்லை.

அதற்காக ஊருக்கு வாயே இல்லை என்று முடிவுகட்டிவிட வேண்டாம். கருத்துச் சொல்லும் இடங்கள் உண்டு. அவை நான்கைந்து அலுவலகங்களில் சிதறிக் கிடக்கின்றன, ஒவ்வொன்றுக்கும் கேட்கும் விஷயம் வேறு, கெடு வேறு. எந்த ஆட்சேபத்தை எந்த மேசையில் வைப்பது என்று தெரிந்துகொள்வதில்தான் பாதி வேலை இருக்கிறது.

காற்றாலைக்கு உரிமம் உண்டா?

மின்சாரச் சட்டம் 2003, பிரிவு 7-ஐப் பாருங்கள். மின்தொடரமைப்போடு இணைவதற்கான தொழில்நுட்பத் தரங்களை நிறைவுசெய்தால் போதும், உரிமம் இல்லாமலே யாரும் மின் உற்பத்தி நிலையம் அமைக்கலாம் என்கிறது அது. பிரிவு 14-இன்படி உரிமம் தேவைப்படுவது மூன்று தொழில்களுக்கு: மின்சாரத்தைக் கடத்துவது, விநியோகிப்பது, வாங்கி விற்கும் வணிகம் செய்வது. ஆகவே ‘காற்றாலை உரிமத்துக்கு ஆட்சேபம்’ என்று மனு எழுதினால், அப்படி ஓர் உரிமமே இல்லை என்ற ஒற்றை வரியில் அது திரும்பி வரலாம்.

சுற்றுச்சூழல் பக்கமும் இதே நிலைதான். குவாரிக்குக் கூட்டம் நடத்தச் சொல்வது 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை. அதன் அட்டவணையில் காற்றாலை இல்லை. மாசுக் கட்டுப்பாட்டு வாரியங்களின் வகைப்பாட்டிலோ காற்றாலை 2016 முதல் ‘வெள்ளை’ வகையில் இருக்கிறது. வாரியத்தின் இசைவாணை வேண்டாம், தகவல் கொடுத்தாலே போதும் என்ற வகை அது.

இந்த விலக்கில் நியாயம் இருக்கிறது. காற்றாலை புகை விடுவதில்லை, நிலத்தடி நீரை உறிஞ்சுவதில்லை, பாறையை வெடி வைத்துப் பெயர்ப்பதில்லை. நிலக்கரியை எரிப்பதைக் குறைக்க இந்த மின்சாரம் நமக்கு வேண்டும். ஆனால் மாசு இல்லை என்பதற்காக விலக்குத் தரப்போய், ஊரைக் கேட்கும் கட்டாயமும் கூடவே போய்விட்டது. இது பெரிய குறை. அதை ஈடுகட்ட ஊரே முந்திக்கொள்ள வேண்டியிருக்கிறது.

ஊருக்குள் வருவது என்ன?

கருத்துச் சொல்வதற்கு முன் வரப்போகும் பொருளின் அளவு மனதில் பதிய வேண்டும். இரண்டு, மூன்று மெகாவாட் திறனுள்ள காற்றாலையின் அடித்தளம் 20 மீட்டர் அகலத்தை ஒட்டிய வட்டக் குழி. அதில் சில நூறு கன மீட்டர் கான்கிரீட்டை இடையில் நிறுத்தாமல் ஒரே மூச்சில் கொட்டுவார்கள். 400 கன மீட்டர் என்று வைத்துக்கொண்டால், 6 கன மீட்டர் ஏற்றும் கலவை லாரி ஒரே நாளில் 67 தடவை உங்கள் ஊராட்சிச் சாலையில் வந்து திரும்பும். இறக்கை ஒன்று 60 மீட்டருக்கு மேல் நீளம், அதைத் துண்டாக்கிக் கொண்டுவர முடியாது. அதை ஏற்றிய நீள வண்டி தெருமுனையில் திரும்ப இடம் வேண்டும். அப்போது முதலில் வெட்டுப்படுவது சாலையோரப் புளியமரம். அந்த மரங்களின் காய்ப்பு ஏலத்துக்குப் போகிற ஊரில், மரத்தோடு அந்த வருமானமும் போகும்.

பிறகு மின்கம்பி. ஒவ்வொரு காற்றாலையிலிருந்தும் பெரும்பாலும் 33 கிலோவோல்ட் கம்பி திட்டத்தின் துணை மின் நிலையத்துக்குப் போகும். அங்கே மின்னழுத்தத்தை 110 அல்லது 230 கிலோவோல்ட்டுக்கு உயர்த்தி, கோபுரப் பாதை வழியாக வெளியே அனுப்புவார்கள். காற்றாலைக்கு நிலம் கொடுத்தவருக்குப் பணம் கிடைக்கும். கம்பி மட்டும் மேலே போகிற நிலத்துக்காரருக்குத்தான் சிக்கல் அதிகம். சண்டை வருவதும் பெரும்பாலும் இங்கேதான்.

முதல் இடம்: கிராம சபை

தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு கிராம சபைகள்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. குறைவெண் வரம்பு, அதாவது கூட்டம் செல்ல வந்திருக்க வேண்டிய குறைந்தபட்ச ஆள் எண்ணிக்கை, மக்கள்தொகையைப் பொறுத்தது. 500 பேர் வரை உள்ள ஊராட்சிக்கு 50 பேர், 3,000 வரை 100, 10,000 வரை 200, அதற்கு மேல் 300.

ஒரு விஷயத்தை மறைக்காமல் சொல்ல வேண்டும். தனியார் பட்டா நிலத்தில் அமையும் காற்றாலையைக் கிராம சபைத் தீர்மானம் மட்டுமே நிறுத்திவிடாது. ஆனால் ஊராட்சிச் சாலையில் கனரக வண்டி ஓட்ட, சாலையை வெட்டிக் கேபிள் பதிக்க, வண்டிப்பாதையை அகலப்படுத்த நிறுவனம் ஊராட்சியிடம் வந்தே ஆக வேண்டும். அந்தப் பிடியைச் சரியாகப் பயன்படுத்தினால் நிபந்தனை போட முடியும். ‘காற்றாலையை இச்சபை எதிர்க்கிறது’ என்ற தீர்மானத்தைவிட, கீழே இருப்பது போன்ற ஒன்று அதிக தூரம் போகும்:

‘திட்டத்தின் காற்றாலைகள் அமையும் சர்வே எண்கள், ஒவ்வொன்றின் உயரம், இறக்கைச் சுற்றின் விட்டம், மின்கம்பி செல்லும் வழி ஆகியவற்றைக் காட்டும் வரைபடத்தைத் தமிழில் ஊராட்சி அலுவலகத்தில் வைத்து, அதன்மேல் சபையில் விளக்கம் அளித்த பிறகே ஊராட்சிச் சாலையைப் பயன்படுத்த இசைவு வழங்கலாம் என்றும், பணிக்கு முன் சாலையின் நிலையைப் படம்பிடித்துப் பதிவுசெய்து, சேதத்தைச் சீர்செய்ய வைப்புத்தொகை பெற வேண்டும் என்றும் தீர்மானிக்கப்படுகிறது.’

இங்கே அடிக்கடி கோட்டைவிடும் இடம் வருகைப் பதிவேடு. கூட்டம் தொடங்கும்போதே கையெழுத்து வாங்கிவிடுவார்கள், தீர்மானத்தைப் பிறகு எழுதுவார்கள். நீங்கள் வந்ததற்குப் போட்ட கையெழுத்து, நீங்கள் கேட்டே இராத தீர்மானத்துக்கு ஆதரவாகப் போய்ச் சேரக்கூடும். தீர்மான எண்ணோடு வாசகத்தைச் சபையிலேயே படிக்கச் சொல்லுங்கள். கடைசித் தீர்மானத்தின் கீழே கோடு போட்டு முடித்த பிறகு அந்தப் பக்கத்தைக் கைபேசியில் படமெடுத்துக்கொள்ளுங்கள். நகல் ஒன்று வட்டார வளர்ச்சி அலுவலருக்கும், ஒன்று ஆட்சியருக்கும் போக வேண்டும்.

தூரக் கணக்கு

மத்தியப் புதுப்பிக்கத்தக்க எரிசக்தி அமைச்சகம் 2016இல் வெளியிட்ட காற்றாலை வழிகாட்டுதலில் இரண்டு அளவுகள் உண்டு. குடியிருப்பிலிருந்து 500 மீட்டருக்குள் காற்றாலை கூடாது, இது சத்தத்துக்காக. பொதுச் சாலை, ரயில் பாதை, கட்டடம், உயரழுத்த மின்பாதை ஆகியவற்றிலிருந்து விட வேண்டிய தூரத்துக்கு ஒரு சூத்திரம்: இறக்கைகள் பொருந்தும் மையத்தின் உயரம், அதோடு இறக்கைச் சுற்று விட்டத்தில் பாதி, அதோடு 5 மீட்டர். மையம் 120 மீட்டர் உயரம், விட்டம் 130 மீட்டர் என்றால் 120 + 65 + 5 = 190 மீட்டர். கோபுரம் சாய்ந்தாலும் இறக்கை நுனி சாலையைத் தொடக் கூடாது என்பதுதான் இதன் பொருள். இது வழிகாட்டுதலே, சட்டப் பிரிவு இல்லை. ஆனாலும் அரசே சொன்ன அளவை ஒரு மனுவில் எடுத்துக்காட்டும்போது அதை ஒதுக்கித் தள்ளுவது எளிதில்லை.

நம் பக்கத்தில் இந்த 500 மீட்டர் கணக்கு தடுமாறும் இடம் கொட்டாய்கள். வரைபடத்தில் ஊர் என்று காட்டியிருப்பது பெரும்பாலும் நத்தம் மட்டும்தான். நாலு வீடு, ஒரு கிணறு, ஒரு மாட்டுக் கொட்டகை என்று வயலுக்குள் தள்ளியிருக்கும் கொட்டாய் அதில் விடுபட்டுப்போகும். வீட்டு வரி ரசீதும் மின் இணைப்பு எண்ணும் இருந்தால், அது குடியிருப்புத்தான் என்று காட்டிவிடலாம். கைபேசி வரைபடத்தில் வீட்டு வாசலின் அட்சரேகை, தீர்க்கரேகையைக் குறித்து, காற்றாலை வரப்போகும் புள்ளி வரை நேர்கோட்டில் அளந்து வைத்துக்கொள்ளுங்கள். ஒலி மாசு விதிகள் 2000-இன்படி குடியிருப்புப் பகுதியில் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை 45 டெசிபலுக்கு மேல் சத்தம் இருக்கக் கூடாது. இந்த அளவும் மனுவில் இடம்பெற வேண்டியதுதான்.

மின்பாதை: கெடு தவறினால் மீள்வது கடினம்

ராய்கர்–புகளூர் 800 கிலோவோல்ட் மின்பாதையையும் கெயில் எரிவாயுக் குழாயையும் எதிர்த்து நடந்த விவசாயிகள் போராட்டங்களை இந்த மாவட்டங்கள் மறந்திருக்காது. குழாய்ப் பாதைக்கு 1962ஆம் ஆண்டுச் சட்டம் 21 நாள் ஆட்சேபக் காலம் தருகிறது. மின்பாதைக்குச் சட்டம் வேறு மாதிரி.

கோபுரம் நட நில அளவையாளர் வந்து நின்றால் கேட்க வேண்டிய முதல் கேள்வி: ‘164 ஆணை இருக்கிறதா? அரசிதழ் நகலைக் காட்டுங்கள்.’ மின்சாரச் சட்டத்தின் பிரிவு 164-இன்கீழ் ஆணை பெற்றவருக்கு 1885ஆம் ஆண்டுத் தந்திச் சட்டத்தின் அதிகாரம் கிடைக்கிறது. நிலத்தைக் கையகப்படுத்தாமல், பட்டா உங்கள் பெயரிலேயே இருக்க, கோபுரம் நட்டுக் கம்பி இழுக்கலாம். நீங்கள் தடுத்தால் ஆட்சியரிடம் போய் உத்தரவு வாங்குவார்கள். இழப்பீடு போதாது என்றால் மாவட்ட நீதிபதியிடம் நீங்கள் முறையிடலாம். அந்த ஆணை இல்லாத, உரிமம் பெற்ற நிறுவனமாக இருந்தால் 2006ஆம் ஆண்டு உரிமதாரர் பணி விதிகளின்படி முதலில் உங்கள் ஒப்புதல் வேண்டும். மறுத்தால் ஆட்சியரின் எழுத்துமூலமான அனுமதி வேண்டும். இரண்டுக்கும் இடையே மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். ஆனாலும் பலர் கேட்பதே இல்லை.

தனியார் மின்கடத்தல் நிறுவனங்கள் மத்திய அரசிடம் 164 ஆணை கேட்கும்போது அரசிதழிலும் நாளிதழ்களிலும் பாதையை அறிவிப்பார்கள். கருத்துச் சொல்ல வழக்கமாக இரண்டு மாத அவகாசம் இருக்கும். பாதை எந்தெந்த வட்டத்தில் எந்தெந்த வருவாய்க் கிராமம் வழியாகப் போகிறது என்பது பொடி எழுத்தில் பட்டியலாக இருக்கும். உங்கள் கொட்டாயின் பெயரை அதில் தேடாதீர்கள். வருவாய்க் கிராமத்தின் பெயரைத் தேடுங்கள், எழுத்துப் பிழையோடும் இருக்கலாம். பாதையை நகர்த்துவது காகிதத்தில் இருக்கும் இந்த இரண்டு மாதத்தில்தான் எளிது. அடித்தளம் போட்ட பிறகு இழப்பீட்டைப் பற்றி மட்டுமே பேச முடியும்.

இழப்பீட்டுக்கும் கணக்கு இருக்கிறது. மத்திய மின் அமைச்சகத்தின் 2015ஆம் ஆண்டு வழிகாட்டுதல் கோபுர அடி நிலத்துக்கு நில மதிப்பில் 85 சதவீதமும், கம்பி செல்லும் பட்டைக்கு அதிகபட்சம் 15 சதவீதமும் சொன்னது. 2024 ஜூனில் அது 200 சதவீதம், 30 சதவீதம் என்று மாறியது. 66 கிலோவோல்ட்டும் அதற்கு மேலும் உள்ள கோபுரப் பாதைகளுக்கு இது பொருந்தும். இதுவும் வழிகாட்டுதல் என்பதால், மாநில அரசு எதைப் பின்பற்றுகிறது என்று ஆட்சியர் அலுவலகத்தில் எழுதிக் கேட்டு வாங்குங்கள். கோபுர அடி நிலத்தை அளக்கும்போது நான்கு கால்களுக்கு நடுவில் உள்ள பரப்போடு ஒவ்வொரு பக்கமும் ஒரு மீட்டர் கூட்ட வேண்டும். கால்களுக்கு இடையே 10 மீட்டர் என்றால் 12 × 12 = 144 சதுர மீட்டர், அதாவது மூன்றரை சென்டுக்குச் சற்று மேல். அளவையாளர் 100 சதுர மீட்டர் என்று எழுதினால் அங்கேயே சுட்டிக்காட்டலாம். பயிருக்கும் மரத்துக்கும் இழப்பீடு தனி. மாமரமாக இருந்தால் வயது, காய்ப்பு, ரகம் மூன்றையும் மகஜரில் எழுதச் சொல்லுங்கள். ‘மா – 12’ என்று எண்ணிக்கை மட்டும் எழுதிய தாளில் கையெழுத்துப் போட வேண்டாம்.

மின்சார ஒழுங்குமுறை ஆணையம்

மின்பாதைக்கு உரிமம் கேட்பவர் விண்ணப்பித்த ஏழு நாளுக்குள் அறிவிப்பு வெளியிட வேண்டும். அது வெளியான நாளிலிருந்து 30 நாளுக்குள் ஆணையத்துக்கு வந்து சேரும் ஆட்சேபத்தை மட்டுமே பரிசீலிப்பார்கள். பிரிவு 15 அப்படித்தான் சொல்கிறது. முப்பதாம் நாள் தபாலில் போட்டால் பயனில்லை. உரிமம் கொடுக்கும் முன் ஆணையமும் தன் பங்குக்கு இரண்டு நாளிதழ்களில் அறிவிப்புக் கொடுத்துக் கருத்துக் கேட்க வேண்டும். மாநிலத்துக்குள் மட்டும் ஓடும் பாதை என்றால் கிண்டியில் உள்ள தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம், மாநிலம் தாண்டினால் டெல்லியில் உள்ள மத்திய ஆணையம். கர்நாடக, ஆந்திர எல்லையை ஒட்டிய ஓசூர், தேன்கனிக்கோட்டை, பர்கூர்ப் பக்கத்தவர்கள் இதை முதலில் உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

காற்றாலை மின்சாரத்தின் கொள்முதல் விலை, ஆணையத்தின் வரைவு ஒழுங்குமுறைகள் ஆகியவற்றுக்கும் பொதுமக்கள் கருத்து எழுதலாம். ஆனால் ஆணையம் பார்ப்பது விலை, தொழில்நுட்பம், நிறுவனத்தின் தகுதி போன்றவற்றை. நில விலை, கொட்டாய்க்குள் கேட்கும் சத்தம், வெட்டிய புளியமரம் என்று அங்கே எழுதினால் அது தங்கள் வரம்பில் இல்லை என்று ஒதுக்கிவிடுவார்கள்.

காடு குறுக்கிட்டால்

ஊர்மக்களின் சொல்லுக்குச் சட்டத்தில் கனம் மிகுந்த இடம் இதுதான். சித்தேரி, வத்தல்மலை, பெட்டமுகிலாளம், அஞ்செட்டிப் பக்கத்தில் காற்றாலையோ அதன் சாலையோ கம்பியோ வனநிலத்தைத் தொட்டால், வன (பாதுகாப்பு) சட்டம் 1980-இன்கீழ் (2023 திருத்தத்துக்குப் பின் அதன் பெயர் ‘வன் (சன்ரக்ஷன் ஏவம் சம்வர்தன்) அதிநியம்’) மத்திய அரசின் ஒப்புதல் வேண்டும். வன உரிமைச் சட்டம் 2006-இன்கீழ் அந்த நிலத்தின் மீதான உரிமைகளை முடிவுசெய்து, அங்கே வாழும் மக்களின் கிராம சபையின் இசைவும் பெற வேண்டும் (சாலை, மின்பாதை போன்ற நீள்வழிப் பணிகளுக்கு இந்த இசைவிலிருந்து மத்திய அரசு 2013இல் பெரும்பாலும் விலக்குத் தந்தது). இந்தச் சபை ஊராட்சியின் கிராம சபையிலிருந்து வேறுபட்டது. உறுப்பினர்களில் பாதிப்பேராவது வர வேண்டும், வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்காவது பெண்களாக இருக்க வேண்டும். ஊராட்சியின் குறைவெண் வரம்பைக் காட்டி, 100 பேர் கையெழுத்தோடு வனநிலத் தீர்மானம் தயாராகியிருந்தால் அதை எதிர்க்க அதுவே போதுமான காரணம். சபையின் முடிவுக்கு எவ்வளவு கனம் உண்டு என்பதை ஒடிசாவின் நியமகிரி மலையில் பாக்சைட் சுரங்கம் தோண்டுவது பற்றிய வழக்கில் 2013இல் உச்ச நீதிமன்றம் காட்டியிருக்கிறது.

காவிரி வடக்கு வன உயிரினச் சரணாலயம் 2014இலும், காவிரி தெற்கு 2022இலும் அறிவிக்கப்பட்டன. அவற்றையொட்டி வரும் திட்டத்துக்கு வனத்துறையின் ஆய்வு கூடும். ராகி முற்றும் பருவத்தில் பன்னேர்கட்டாப் பக்கமிருந்து யானைகள் ஜவளகிரி, தளி, தேன்கனிக்கோட்டை வழியாக இறங்குவது அங்குள்ளவர்களுக்குத் தெரியும். எந்த ஓடை வழியாக, எந்த மாதத்தில் என்று தேதியோடு நீங்கள் எழுதித் தருவது, வெளியூரிலிருந்து வந்து ஒரு வாரம் தங்கி எழுதும் அறிக்கையைவிடப் பயனுள்ள சான்று. பயிர்ச்சேத இழப்பீட்டுக்கு நீங்கள் கொடுத்த பழைய மனுக்களின் நகலை அதோடு இணையுங்கள்.

உயரத்துக்காக விமானத்துறையின் தடையின்மைச் சான்றும் வேண்டும். ஓசூரில் பன்னாட்டு விமான நிலையம் அமையும் என்று 2024 ஜூனில் சட்டப்பேரவையில் அறிவித்திருப்பதால், அந்தப் பக்கத்தில் இது முக்கியம். ஆனால் பொதுமக்கள் கருத்துக்கு அதில் இடமில்லை.

எடுபடும் மனு எப்படி இருக்கும்?

‘எங்கள் வாழ்வாதாரம் பாதிக்கும், ஆகவே காற்றாலை வேண்டாம்’ என்ற ஒரே வாசகத்தை அச்சடித்து 300 பேர் கையெழுத்திட்டுக் கொடுத்தால், கோப்பில் அது ஒரே ஆட்சேபமாகத்தான் ஏறும். முப்பது பேர் முப்பது விதமாக எழுதினால் முப்பதுக்கும் பதில் எழுத வேண்டிவரும். எடுத்துக்காட்டாக:

‘என் வீடு சர்வே எண் 112/3-இல் உள்ளது, வீட்டு வரி ரசீது இணைப்பு 1. திட்ட வரைபடத்தின் 7ஆம் எண் காற்றாலை என் வீட்டிலிருந்து நேர்கோட்டில் 340 மீட்டரில் வருகிறது, அளவுப்படம் இணைப்பு 2. 2016 வழிகாட்டுதல் 500 மீட்டர் கேட்கிறது. இந்தக் காற்றாலையை அதே நிலத்தின் கிழக்கு எல்லைக்கு 160 மீட்டருக்குக் குறையாமல் தள்ள வேண்டும், அல்லது நீக்க வேண்டும்.’

இதில் நான்கு இருக்கின்றன: நீங்கள் யார், என்ன பாதிப்பு, எந்த அளவை மீறுகிறது, என்ன மாற்றம் கேட்கிறீர்கள். நான்காவதை விட்டுவிட்டால் ‘பரிசீலிக்கப்பட்டது’ என்று முடித்துவிட அதிகாரிக்கு வசதியாகிவிடும். எழுதும் முன் புலப்படம், அ-பதிவேடு, சிட்டா மூன்றையும் எடுத்துப் பாருங்கள். நிறுவனம் வாங்கியதாகச் சொல்லும் நிலம் பஞ்சமி நிலமாகவோ, நிபந்தனைப் பட்டாவாகவோ, ஓடைப் புறம்போக்காகவோ இருந்தால் அது வேறு விவகாரம். அதைக் கோட்டாட்சியரிடம் தனி மனுவாகக் கொடுக்க வேண்டும், சத்தத்தோடும் சாலையோடும் கலக்கக் கூடாது.

ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் மனு கொடுத்தால் பதிவு எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். மின்பாதை விஷயத்தை மாதந்தோறும் நடக்கும் விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டத்திலும் எழுப்புங்கள், மின்வாரிய, வருவாய், வனத்துறை அதிகாரிகள் ஒரே அறையில் இருப்பார்கள். சென்னைக்கும் டெல்லிக்கும் அனுப்புவதை விரைவுத் தபாலில் அனுப்பி, சேர்ந்த தேதியின் அச்சுப்பிரதியை எடுத்து வையுங்கள். கெடு பற்றிய வாதம் வந்தால் அதுதான் சான்று.

பதில் வரவில்லை என்றால், மாநில அரசு அலுவலகத்துக்கு 10 ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுச் செய்யுங்கள். ‘என் மனு என்ன ஆனது’ என்று பொதுவாகக் கேட்காமல், மனுவின் பதிவு எண்ணைக் குறிப்பிட்டு அதன்மேல் எழுதிய கோப்புக் குறிப்பு, நிறுவனத்திடம் பெற்ற விளக்கம், 164 ஆணை, தடையின்மைச் சான்றுகள் ஆகியவற்றின் நகல்களைக் கேளுங்கள். 30 நாளில் தகவல் தர வேண்டும். தரவில்லை என்றால் அடுத்த 30 நாளுக்குள் அதே துறையின் மேல்முறையீட்டு அலுவலருக்கும், அங்கும் நடக்கவில்லை என்றால் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையத்துக்கும் எழுதலாம். மத்திய அரசு அலுவலகத்திடம் உள்ள தாள்களுக்கு இரண்டாம் முறையீடு டெல்லியில் உள்ள மத்தியத் தகவல் ஆணையத்துக்குப் போக வேண்டும்.